அப்பா ஒதுங்குகிறார் என்றால், எதிலிருந்து?

கேள்வி: ஈரோடு, கோபி, திருப்பூரில் எங்களுக்குத் தியேட்டர்கள் இருக்குதுங்க, கோவை ஏரியா விநியோகமும் செய்கிறோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. எம்.டி.யான அப்பாவுக்கு 69 வயது. "தை பொறந்தா நீயே பாத்துக்கோ" என்கிறார். தங்கைக்கும் பங்கு உண்டு. டிஸ்னியில் பழையவரே திரும்பி வந்த மாதிரி ஆகிவிடக் கூடாதுங்க. எங்கே தொடங்குவது?

பதில்: டிஸ்னியில் 2005 முதல் தலைமை நிர்வாகியாக இருந்த பாப் இகர், 2020 பிப்ரவரியில் பாப் சேபெக்கிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆனால் 2021 கடைசி வரை நிர்வாகத் தலைவராகத் தங்கி, படைப்பு வேலைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். பொழுதுபோக்குக் கம்பெனியில் அதை விட்டால் மிச்சம் என்ன? சில வாரங்களில் கொரோனா வந்து அமெரிக்காவில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களையும் மூடியது. அக்டோபரில் சேபெக், வெளியீட்டு முடிவையும் லாபநஷ்டப் பொறுப்பையும் படைப்புப் பிரிவுகளிடமிருந்து எடுத்துத் தனி விநியோகப் பிரிவிடம் கொடுத்தார். 2022 ஜூனில் போர்டு அவருக்கு 3 ஆண்டு நீட்டிப்புத் தந்தது. நவம்பரில் அவரை நீக்கிவிட்டு இகரையே அழைத்தது. பதவி ஒருவரிடம், அதன் உயிரான முடிவு இன்னொருவரிடம் இருந்தால் இரண்டு பேருக்கும் கெட்ட பெயர்தான்.

அதனால் பதவிக்கு முன்னால் முடிவுகளைப் பட்டியல் போடுங்கள். எம்.ஜி. (மினிமம் கியாரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறுதியாகத் தரும் தொகை) கொடுத்துப் படம் வாங்குவது, அட்வான்ஸ், ஷேர் சதவீதம், புரொஜெக்டர் கடன், மேனேஜர் நியமனம், செக் கையெழுத்து என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. இருவர் பெயர் போட்டால் அது அப்பா பெயர்தான்.

இதில் கடினமானது எம்.ஜி. படம் ஓடாவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. அப்பா விடத் தயங்குவதும் அங்கேதான், நியாயமான தயக்கம். முதலில் கமிஷன் அடிப்படையில் வரும் படங்களை முழுதாக நீங்கள் பாருங்கள். பிறகு ஒரு உச்சவரம்புக்குள் எம்.ஜி. படங்கள். போட்ட பணம் முழுவதும் போனாலும் பேங்க் தவணை தடைபடாத தொகை எதுவோ, அதுவே வரம்பு. பொங்கல், தீபாவளிப் படங்கள் கடைசியில். தினமும் டி.சி.ஆர். (அன்றைய வசூல் கணக்கு) உங்களுக்கு முதலில் வர வேண்டும். தயாரிப்பாளர் அப்பாவுக்குப் போன் செய்தால், "மகனிடம் பேசுங்க" என்று அவர் சொல்ல வேண்டும். இதை அவரிடம் இப்போதே பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள்; வெளியார் முன்னால் ஒருமுறை உங்கள் முடிவை அவர் மாற்றினால், அப்புறம் மேனேஜர்கூட உங்களிடம் வரமாட்டார்.

தேதியைச் சட்டமே காட்டுகிறது. 70 வயது நிறைந்தவர் எம்.டி.யாகத் தொடரச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது ஆதரவு வாக்கு எதிர்வாக்கைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். பிரைவேட் கம்பெனிக்கும் இது உண்டு. அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். எம்.டி. நியமனம் ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் கூடாது. மாற்றியதும் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் டி.ஐ.ஆர்.-12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

பலர் மறப்பது பேங்க் ஜாமீன். அப்பா ராஜினாமா செய்தாலும் அவர் கொடுத்த சொந்த ஜாமீன் தானாக விலகாது. பேங்க் எழுத்துமூலம் விடுவிக்க வேண்டும், பதிலுக்கு உங்கள் கையெழுத்தைக் கேட்கும். தியேட்டர் நடத்துவதற்கான சி ஃபார்ம் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நாற்காலி வேறு, பங்கு வேறு. நீங்கள் எம்.டி. ஆவதால் தங்கையின் உரிமை குறையாது. இந்துக் குடும்பம் என்றால், உயில் இல்லாமல் அப்பா காலமானால் மனைவி, மகன், மகள், அப்பாவின் தாயார் இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமபங்கு. பங்குகளுக்கு நாமினி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். நாமினி அதனாலேயே உரிமையாளர் ஆவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ பங்கைத் தானமாகக் கொடுத்தால் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. சட்டப்படி சிறிய கம்பெனியாக இருந்து, பங்குகள் காகிதச் சான்றிதழாக இருந்தால், எஸ்.எச்.-4 என்ற பங்கு மாற்றப் படிவம் எழுதி 60 நாளுக்குள் கம்பெனியிடம் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் முதலில் பங்குகளை டீமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும். நிர்வாகத்தில் இல்லாத தங்கைக்கு ஆண்டு டிவிடெண்ட் எவ்வளவு, பங்கை விற்க நினைத்தால் விலையை யார் மதிப்பிடுவது என்பதை அவரையும் உட்காரவைத்து எழுதிக்கொள்ளுங்கள். தியேட்டர் நிலம் அப்பாவின் சொந்தப் பெயரில் இருந்தால், கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.