சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் கிறிஸ்துமஸ் டின்னருக்கு என்ன சமைப்பார்கள்? வான்கோழிதானா?

நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே என்ன இருக்கும், எப்படித் தயாராகப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீண்ட மேசை, நடுவில் முழு வான்கோழி, இரவு ஏழு மணிக்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது, இதெல்லாம் மனதில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் டின்னர் என்று ஒன்று கிடையாது. பெரிய சாப்பாடு 25ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு, கோவிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த கையோடு. அடுத்தது அன்று மதியம். இரவு ஏழு மணிக்குப் பாதிப் பேர் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள், தாத்தா காலத்தில் இங்கே வந்தவர்கள். ஊர் மாறினால், சபை மாறினால் சாப்பாடும் மாறும், அதனால் இதை எங்கள் வீட்டுக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்றரை மணிச் சாப்பாட்டுக்குக் காரணம் உண்டு. பழைய காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தியும் சுத்தபோசனமும் கட்டாயம், அதாவது முழுச் சாப்பாடு ஒரு வேளைதான், அதிலும் இறைச்சி கூடாது. போலந்துக்காரர்கள் 24ஆம் தேதி இரவு பன்னிரண்டு வகை வைத்து அதில் ஒன்றிலும் கறி இல்லாமல் கெண்டை மீனோடு முடித்துக்கொள்வதும், தென் இத்தாலிக்காரர்கள் அன்று மீனாகவே சாப்பிடுவதும் இதே விரதத்தின் மிச்சம்தான். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தியபோது 24ஆம் தேதிக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் எங்கள் ஆச்சிக்கு அந்தச் செய்தி கடைசிவரை வந்து சேரவில்லை, அல்லது வந்தும் அவர் காதில் வாங்கவில்லை. ஆகவே 24ஆம் தேதி வீட்டில் மத்தியானம் மட்டும் சோறும் மீன் குழம்பும், ராத்திரி வெறும் காப்பி. நள்ளிரவு தாண்டியதும் மட்டன் குழம்பு, இடியாப்பம்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் குழம்பு தயாராக இருக்க வேண்டும், அப்படியென்றால் சாயங்காலமே சமைக்க வேண்டும், சமைப்பவர்கள் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அந்தப் பழைய விரத விதியில் ஏழு வயதுக் கணக்கு ஒன்று இருந்தது, அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சுத்தபோசனம் இல்லை, ஆச்சி அதையே பிடித்துக்கொண்டிருந்தார். நான் 1977இல் பிறந்தவன். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் உப்புப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. ஆச்சி கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் விடுவார். நான் நக்கிவிட்டு "காணாது" என்பேன். காணுமோ காணாதோ, காணாது என்று சொன்னால் இன்னொரு சொட்டுக் கிடைக்கும். ஒரு வருடம் மூன்று தடவை காணாது என்று சொல்லி, ஆச்சியும் என்னை நம்பி மூன்று தடவை உப்புப் போட்டு, ராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் வாய் வைத்த தாத்தா தட்டை அப்படியே தள்ளி வைத்தார். அம்மா தேங்காய்ப்பாலை ஊற்றி, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு ஒரு மாதிரி சரிக்கட்டினார். அடுத்த வருடம் எனக்கு ஏழு முடிந்துவிட்டது, வேலை தங்கைக்குப் போனது.

பூசைக்கு நாங்கள் போவது ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கு. 1888இல் திறந்த கோவில், இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அதுதான் தாய்வீடு. முடிந்து வெளியே வந்தால் டாக்சிக்கு அடிதடி.

சரி, வான்கோழி. அது அமெரிக்காக் கண்டத்துப் பறவை, பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே போனது. பிறகு ஆங்கிலேயர் மேசையில் ஏறி, அவர்களோடு இங்கேயும் வந்தது. இப்போது டிசம்பர் வந்தால் பேரங்காடிகளில் உறைந்த வான்கோழி குவிந்து கிடக்கும், சமைத்ததையே ஆர்டர் கொடுத்து வாங்குபவர்களும் நிறைய. நானும் ஆசைப்பட்டு ஒரு வருடம் ஐந்து கிலோவில் ஒன்று வாங்கினேன். அந்த எடைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் விட்டால்தான் உள்ளே வரைக்கும் உறைவு விடும் என்பது எனக்குத் தெரியாது, முந்தைய நாள் காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத் தெம்பாக இருந்தேன். ராத்திரி பார்த்தால் மார்புப் பக்கம் கருங்கல். அடுத்த பிரச்சினை அவன் அடுப்பு. எங்களைப் போன்ற பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அவன் அடுப்பு என்று தனியாக இருக்காது, மேசைமேல் வைக்கிற சின்னப் பெட்டிதான், அதற்குள் இந்த உடம்பு நுழையவே இல்லை. கடைசியில் அம்மா கத்தியை எடுத்துத் துண்டு போட்டு, மிளகு சோம்பு அரைத்துப் பிரட்டலாக்கிவிட்டார். "கோழிக்கு எதுக்கு இவ்வளவு உடம்பு, ருசியில்லாம" என்பது அவருடைய தீர்ப்பு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வான்கோழி முழுசாக வந்ததில்லை.

மதியச் சாப்பாடுதான் நீங்கள் போகப்போவது என்று நினைக்கிறேன். அதில் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சமையல். டிசம்பர் 25 என்றால் மார்கழி. எங்கள் உறவில் பாதி இந்துக்கள், பெரியம்மா மார்கழி முழுக்கக் கவுச்சி தொட மாட்டார், மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். அவர்களுக்குக் காய்கறி பிரியாணி, பருப்பு, கத்திரிக்காய்ப் பச்சடி, தனிச் சட்டி, தனிக் கரண்டி. என் அலுவலக நண்பர்களில் மலாய்க்காரர்கள் உண்டு, அவர்களுக்காக மட்டன் பிரியாணியை ஹலால் கடையில் அண்டாவோடு சொல்லிவிடுவோம். பன்றி இறைச்சி அன்று மேசைக்கே வராது, அதை ராத்திரிச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வோம். தேக்கா சந்தையில் மட்டன் வாங்குவதென்றால் 23ஆம் தேதியே போய்விடுவேன். 24ஆம் தேதி காலையில் போய் வரிசையில் நின்றவன் சொல்கிறேன், வேண்டாம்.

பலகாரம் டிசம்பர் இரண்டாவது வாரமே தொடங்கிவிடும். அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம். மனைவி நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம், அவர் வந்த பிறகு முந்திரிக்கொத்தும் சேர்ந்துகொண்டது. பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு முந்திரி கிடையாது. வறுத்த பாசிப்பயறு மாவில் வெல்லப் பாகு, தேங்காய், எள், ஏலம் சேர்த்துச் சூட்டோடு உருண்டை பிடித்து, மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விடுவார்கள், அவை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி வரும். பாகு ஆறினால் உருண்டை பிடிக்காது, அதனால் அந்த அரை மணி நேரம் சமையலறைப் பக்கம் போய் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

கேக்கைப் பொறுத்தவரை நாங்கள் யுரேஷியர்களுக்கு, அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தாருக்கு, கடன்பட்டவர்கள்; அவர்களில் பலருக்குப் பூர்வீகம் மலாக்கா. ஐந்தாம் மாடியில் இருந்த ஒரு யுரேஷிய ஆண்டியிடம் அம்மா கற்றுக்கொண்டது சூஜி கேக். ரவையை வெண்ணெயில் ஊறவிட்டு, பாதாம், கொஞ்சம் பிராந்தி, அப்புறம் பத்து மஞ்சள் கரு. மிஞ்சுகிற வெள்ளைக் கருவை என்ன செய்வது? ஆண்டி வீட்டில் என்ன செய்வார்களோ தெரியாது, எங்கள் வீட்டில் ஆச்சி அதைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்துத் தூத்துக்குடி மக்ரூன் ஆக்கிவிடுவார். இந்த ஊர்க் காற்றில் அது ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும், அதனால் சுட்ட அன்றே காலி. அதே பத்து முட்டையில் மலாக்காவும் தூத்துக்குடியும்.

அதே ஆண்டியின் இன்னொரு கொடைதான் டெவில் கறி. யுரேஷியர்கள் கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சியையெல்லாம் போட்டு 26ஆம் தேதி வைப்பது. காய்ந்த மிளகாய், வெங்காயம், லெங்குவாஸ் (இஞ்சி மாதிரியான அரத்தைக் கிழங்கு), புவா கெராஸ் (எண்ணெய்ச் சத்துள்ள ஒரு கொட்டை) எல்லாவற்றையும் அரைத்து எண்ணெய் பிரியும் வரை வதக்கி, மிஞ்சிய கோழி, ஹாம் துண்டு, சாசேஜ், உருளைக்கிழங்கு போட்டு, கடைசியில் கடுகும் வினிகரும். அம்மா அதில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவார். ஆண்டி அதைப் பார்த்து முகம் சுளித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் கிண்ணத்தை நீட்டினார். என்னைக் கேட்டால் அந்த மூன்று நாளில் சிறந்த சாப்பாடு இதுதான், முதல் நாள் பிரெட்டோடு, மறுநாள் சோற்றோடு.

நீங்கள் மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் சரியாக இருக்கும், அதற்கு முன் போனால் எல்லோரும் அப்போதுதான் எழுந்திருப்பார்கள். காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள். கேக் வாங்கிப் போக வேண்டாம், வருகிறவர்கள் எல்லோரும் மரக்கட்டை வடிவ லாக் கேக்தான் வாங்கி வருவார்கள், எங்கள் வீட்டில் போன வருடம் நான்கு சேர்ந்து ஃப்ரிட்ஜ் கதவு மூடவில்லை. பேசாமல் போகிற வழியில் இரண்டு பை ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு போங்கள், ஒரு மணிக்கெல்லாம் அது தீர்ந்து யாராவது ஒருவரைக் கீழே கடைக்கு விரட்டிக்கொண்டிருப்பார்கள்.