நைரோபிக்குத் தொழில் விஷயமாகப் போகிறீர்களா? எதற்குச் செலவழிப்பது, எதற்கு வேண்டாம்

கோவை பம்புசெட், திருச்செங்கோடு ரிக் வண்டி (போர்வெல் போடும் வண்டி) என்று கிழக்கு ஆப்பிரிக்காவோடு நம் ஊர்களுக்கு ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உண்டு. கென்யத் தலைநகரம் நைரோபிக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டீலரைப் பார்க்க ஒரு வாரம் நைரோபி போகிறேன். டிராவல் ஏஜென்ட் 'செக்யூரிட்டி பேக்கேஜ்' என்று துப்பாக்கி ஏந்திய பாடிகார்டு, வண்டி, டிரைவர் எல்லாம் சேர்த்து ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். விமான டிக்கெட்டை விட அது அதிகம். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வண்டியையும் டிரைவரையும் வாங்குங்கள். பாடிகார்டை விட்டுவிடுங்கள்.

கென்யாவில் தனியார் காவல் நிறுவனத்து ஆட்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஆயுதக் காவல் வேண்டுமென்றால் போலீஸ்காரரை ஏற்பாடு செய்வதுதான் அங்கே வழக்கம். அதனால் ஏஜென்டிடம் முதலில் கேளுங்கள்: வரப்போகிறவர் யார், எந்த நிறுவனம், அங்குள்ள தனியார் காவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா? பதில் எழுத்தில் வரட்டும். 'எல்லாம் நம்ம ஆளுதான் சார்' என்று வாய்வார்த்தையாக வந்தால் அந்தக் கொட்டேஷனை அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

அடுத்து, நைரோபியில் வெளியூர் வியாபாரிக்கு வரும் ஆபத்து எப்படிப்பட்டது என்று பாருங்கள். கண்ணாடி இறக்கிய கார் ஜன்னலில் போன் பேசிக்கொண்டிருப்பீர்கள். உஹுரு ஹைவே நெரிசலில் பக்கத்தில் வரும் போடா போடாவின் (அங்கே பைக் டாக்ஸிக்குப் பெயர்) பின்சீட்டுக்காரன் ஒரே இழுப்பில் போனைக் கொண்டுபோய்விடுவான். இருட்டிய பிறகு ரிவர் ரோடு பக்கம் நடந்தால் பையை வெட்டுவார்கள். மஃப்டி போலீஸ் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் நிறுத்தி, 'பொது இடத்தில் சிகரெட் பிடித்தாய், ஸ்டேஷனுக்கு வா' என்று மிரட்டிக் காசு பிடுங்குவார்கள். இதற்கெல்லாம் துப்பாக்கிக்காரர் என்ன செய்ய முடியும்? அவர் கூட நடந்தால் இன்னும் நாலு பேர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வண்டிக் கண்ணாடியை ஏற்றி, போனைப் பைக்குள் வைப்பதற்குக் காசே ஆகாது.

பணத்தைப் போட வேண்டிய இடம் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை உள்ள பயணம். ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. 2022இல் திறந்த 27 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வே மேலேயே வெஸ்ட்லண்ட்ஸ் வரை போய்விடுகிறது. சுங்கக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கீழே மொம்பாசா ரோட்டில் போக வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

டிரைவரின் படம், பெயர், வண்டி நம்பர் மூன்றும் நீங்கள் விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். வருகைப் பலகையில் உங்கள் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம், ஏதாவது ஒரு குறிச்சொல் போதும் என்று சொல்லிவையுங்கள். பலகையைப் படித்துவிட்டு, 'உங்கள் டிரைவர் நான்தான், வண்டி அங்கே நிற்கிறது, வாங்க' என்று வேறொருவன் முந்திக்கொள்வது பழைய வித்தை. வந்தவரிடம் உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். 'யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள்?' என்று நீங்கள் கேளுங்கள். வாரம் முழுக்க அதே டிரைவர் இருக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊபர், போல்ட் இரண்டும் அங்கே உண்டு, பகலில் பயன்படுத்தலாம். செயலியில் உள்ள நம்பர் பிளேட்டும் எதிரில் நிற்கும் வண்டியின் பிளேட்டும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு கதவைத் திறங்கள். 'டிரிப்பை கேன்சல் பண்ணுங்க, கேஷாகக் கொடுங்க' என்று டிரைவர் கேட்டால் இறங்கிவிடுங்கள். கேன்சல் செய்த பயணத்தில் நீங்கள் எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள் என்பதற்குச் செயலியில் தடயமே இருக்காது.

நல்ல டிரைவருக்கு உங்கள் டீலரையே கேளுங்கள். நைரோபியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இந்திய வம்சாவளி வியாபாரிகள் பலர். 2017இல் கென்ய அரசு அந்தச் சமூகத்தைத் தங்கள் நாட்டின் 44ஆவது இனக்குழுவாகவே அறிவித்தது. அவர்கள் வீட்டு விருந்தாளிக்கு யாரை அனுப்புவார்களோ அந்த டிரைவர் ஏஜென்ட் தரும் பேக்கேஜை விட மலிவாகக் கிடைப்பார்.

ஹோட்டலுக்கு வெஸ்ட்லண்ட்ஸ், கிகிரி பக்கம் பாருங்கள். வாசலில் காவலர் வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார், பையைத் திறக்கச் சொல்வார். 2013இல் வெஸ்ட்கேட் மாலிலும் 2019இல் டூசிட் ஹோட்டல் வளாகத்திலும் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு அந்த ஊர் கற்றுக்கொண்ட பழக்கம் அது. எரிச்சல்படாமல் திறந்து காட்டுங்கள். அந்தச் சோதனையே இல்லாத ஹோட்டல் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

தேதியும் முக்கியம். 2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவை எதிர்த்த கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. 2025இல் அதே தேதியிலும் ஜூலை 7 அன்றும் மறுபடி போராட்டம், உயிரிழப்பு, கடையடைப்பு. அந்த வாரங்களில் மீட்டிங் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு.

கேள்வி: கம்பெனி அனுப்புகிறது, டிராவல் இன்சூரன்ஸும் கம்பெனியே எடுத்துக் கொடுத்திருக்கிறது. 'லக்கேஜ் கவர் இருக்கு, பயப்படாதீங்க' என்கிறார் எச்.ஆர். என் லேப்டாப் வண்டியிலிருந்து திருடு போனால் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. நம் ஊர் பாலிசிகளில் 'லக்கேஜ்' என்று இருப்பது பொதுவாக விமானத்தில் செக்-இன் செய்து, விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்த பெட்டி. கையில் இருந்ததும் காரில் இருந்ததும் அதில் வராது. அதற்குத் தனியாக உடைமைத் திருட்டுக் காப்பு சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் லேப்டாப்புக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். ரொக்கம் அநேகமாக எதிலும் வராது.

எச்.ஆரிடம் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள். பாலிசி வாசகம் முழுவதையும் கேளுங்கள். அதில் விலக்குகள் பகுதியை எடுத்து வையுங்கள். கலவரம், உள்நாட்டுக் குழப்பம் என்று ஒரு வரி இருக்கும். கலவரத்தில் கலந்துகொண்டால்தான் விலக்கா, வழிப்போக்கராக அடிபட்டாலும் விலக்கா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சில பாலிசிகளில், அரசு பயண எச்சரிக்கை விடுத்த இடத்துக்குப் போனால் காப்பு இல்லை என்றும் இருக்கும். 2024 ஜூனில் நைரோபியிலுள்ள இந்தியத் தூதரகம் நம்மவர்களை அவசியமில்லாமல் வெளியே போக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அது இந்த வரிக்குள் வருமா வராதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் மெயிலைப் பத்திரப்படுத்துங்கள்.

லேப்டாப்பை விட நான் கவலைப்படுவது மருத்துவம். நைரோபி ஹாஸ்பிடல், ஆகா கான், எம்.பி. ஷா என்று நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் தனியார் மருத்துவமனையில் அட்மிஷனுக்கு முன்பணமோ இன்சூரன்ஸ் உத்தரவாதக் கடிதமோ கேட்பார்கள். அந்தக் கடிதத்தை ராத்திரி இரண்டு மணிக்கு யார் அனுப்புவார்கள்? பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குக் கிளம்பும் முன்பே ஒருமுறை போன் செய்து பாருங்கள். எடுக்கிறார்களா என்பதே ஒரு சோதனை. விமான ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவர பல்லாயிரம் டாலர் ஆகும், அதனால் காப்புத் தொகை 50,000 டாலர் என்றால் சான்றிதழில் அழகாக இருக்கும், அவசரத்தில் போதாது. ரிக் வண்டிக்காரர்கள் போல ஊருக்கு வெளியே போகிறவர்கள் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் (விமான ஆம்புலன்ஸ்) சேவையில் தனியாக உறுப்பினர் ஆவது நல்லது. வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்குகிறது, 1957இல் தொடங்கியது.

திருட்டு நடந்தால் அன்றே போலீஸ் ஸ்டேஷன் போங்கள். புகாரைப் பதிவேட்டில் எழுதி 'ஓபி நம்பர்' தருவார்கள். அதை வைத்து 'அப்ஸ்ட்ராக்ட்' என்ற தாளை வாங்க வேண்டும். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். இடத்தில் அங்கே அதுதான். அது இல்லாமல் ஊர் திரும்பினால் கிளைம் நிற்காது. எல்லாம் சரியாகக் கொடுத்தும் மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). 50 லட்சம் ரூபாய் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம்.

கேள்வி: மிளகு ஸ்ப்ரே, சாட்டிலைட் மெசேஜ் கருவி இரண்டும் ஆன்லைனில் ஆஃபரில் வருகின்றன. பாதுகாப்புக்கு வாங்கிப் போகலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்ப்ரே கைப்பையில் போனால் விமான நிலையச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். சாட்டிலைட் கருவி இன்னும் மோசம்: அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவிலேயே குற்றம். நம் விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளே அதனால் கைதாகியிருக்கிறார்கள். நைரோபியில் மொபைல் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு சாதாரண இரண்டாவது போனும் பவர் பேங்க்கும் வாங்குங்கள்.

கேள்வி: காங்கோ தங்கம், சந்தை விலைக்கு ரொம்பக் குறைவாகத் தருவதாக நைரோபியிலிருந்து ஒருவர் பேசுகிறார். நேரில் வந்து சோதித்துப் பார்த்து வாங்கலாம், ஏர்போர்ட்டில் நானே பிக்கப் செய்கிறேன் என்கிறார். போய்ப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? (சேலம் வாசகர்)

பதில்: போகாதீர்கள். நைரோபியில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இருக்கும் மிகப் பெரிய பொறி இதுதான். கென்யக் குற்றப் புலனாய்வுத் துறை இது பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது, ஆட்களையும் பிடித்திருக்கிறது.

நடக்கும் விதம் இப்படி. வசதியான பகுதியில் ஒரு பங்களா, வாசலில் காவலர், உள்ளே முத்திரை, சான்றிதழ் எல்லாம். நீங்கள் எடுத்துச் சோதிக்கும் துண்டு அசல் தங்கமாகவே இருக்கும். பிறகுதான் ஏற்றுமதி வரி, கிடங்கு வாடகை, கஸ்டம்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். கடைசியில் பெட்டியில் இருப்பது முலாம் பூசிய உலோகம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'போலீஸ் ரெய்டு' வரும், சில சமயம் அதுவும் அவர்கள் ஆட்களே. முன்பின் தெரியாதவர் வண்டியில், தெரியாத வீட்டுக்கு, பணத்தோடு போகிறீர்கள். இதற்கு எந்த இன்சூரன்ஸும் கிடையாது, நம் நுகர்வோர் ஆணையமும் அங்கே எட்டாது.

கேள்வி: எவ்வளவு ரொக்கம் எடுத்துப் போகலாம்? (கரூர் வாசகர்)

பதில்: ரிசர்வ் வங்கி விதிப்படி நோட்டாக 3,000 டாலர் வரை. அவ்வளவு தேவைப்படாது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். பாஸ்போர்ட் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கினால் எம்-பெசா (மொபைலிலேயே பணம் அனுப்பும் வசதி) கணக்கும் திறக்கலாம், டீக்கடை வரை அதில்தான் ஓடுகிறது. ஏ.டி.எம். மாலுக்குள் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். தெருவில் மாற்றினால் 2019இல் செல்லாமல் போன பழைய 1,000 ஷில்லிங் நோட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கேள்வி: கென்யாவுக்கு விசா வேண்டாமாமே, ஆனால் ஒரு இணையதளத்தில் 95 டாலர் கேட்கிறார்கள்? (திருப்பூர் வாசகர்)

பதில்: 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி. அரசுக் கட்டணம் 30 டாலர், மேலே சிறு பரிவர்த்தனைக் கட்டணம். நீங்கள் பார்த்தது இடைத்தரகர் தளம். கென்ய அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் கேஈ' என்று முடியும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தேதி கிடைத்த பிறகு டிக்கெட் போடுங்கள்.