எந்த வண்டி, எந்தப் பந்தயம்: முதலில் அதை முடிவு செய்யுங்கள்

கேள்வி: லோட்டஸ் 49 பந்தயக் காரின் 1/20 அளவு பிளாஸ்டிக் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1967 டச்சு கிராண்ட் பிரீயில் ஜிம் கிளார்க் ஜெயித்த வண்டியாகவே அதைக் கட்ட ஆசை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் படங்களில் சீட் பெல்ட், எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் எல்லாம் இருக்கின்றன. கிட்டோடு வந்த செய்முறைத் தாளில் அவை இல்லை. எதை நம்புவது? இதற்கு முன் செய்த மாடலில் பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது, டீக்கலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படலம்) அடியில் வெள்ளி மாதிரி வெளுப்பு பூத்தது. இந்தக் கிட் பழசு. டீக்கல் தாள் மஞ்சளாகிவிட்டது. எப்படிச் செய்தால் சரியாக வரும்?

பதில்: நம்ப வேண்டியது 1967 ஜூன் 4 அன்று, அந்தப் பந்தயம் நடந்த ஸான்ட்வோர்ட்டில் எடுத்த படங்களை. செய்முறைத் தாளுக்கு இரண்டாம் இடம். இன்றைய பளபளப்பான கலர்ப் படங்களுக்குக் கடைசி இடம்.

காரணம் இருக்கிறது. பிழைத்திருக்கும் பழைய பந்தயக் கார்கள் பல இன்றும் பழைய வண்டிகளுக்கான பந்தயங்களில் ஓடுகின்றன. இன்றைய பாதுகாப்பு விதிகளுக்காக அவற்றில் பெல்ட், தீயணைப்பான், பேட்டரி துண்டிப்பு சுவிட்ச், உயரமான ரோல் பார், பின்னல் ஹோஸ் எல்லாம் ஏறிவிடுகின்றன. ஃபார்முலா ஒன்னில் பெல்ட் கட்டாயமானது 1972-ல்தான். 1967-ல் பெரும்பாலான ஓட்டுநர்கள் பெல்ட் இல்லாமலே ஓட்டினார்கள். கிட்டில் பெல்ட் கொடுத்திருந்தாலும் அது பெட்டியிலேயே இருக்கட்டும். அதேபோல வெட்டே இல்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயர் வந்தது 1971-ல். உங்கள் வண்டிக்கு வெட்டு உள்ள டயர்தான் வேண்டும். இறக்கைகள் 1968-ல் வந்தவை. சிவப்பு, வெள்ளை, தங்க நிறச் சாயமும் அந்த ஆண்டுதான். உங்களுக்குப் பச்சை உடல், நடுவே மஞ்சள் பட்டை. கிளார்க்கின் எண் 5. அதே அணியின் கிரஹாம் ஹில்லின் வண்டிக்கு எண் 6. இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டிய மாடல்கள் ஏராளம், அதனால் படத்தில் எண் தெரியாவிட்டால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இடம், வலம், முன், பின், உடல் கழற்றிய நிலை என்று படங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் எந்தப் படம் ஆதாரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் படத்திலும் தெரியாத பாகத்தைக் கிட் சொல்வதுபோலவே விட்டுவிடலாம். ஊகத்தில் சேர்க்கும் விவரம் விடுபட்ட விவரத்தைவிட மோசம்.

அடுத்து அளவு. அசல் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2413 மி.மீ.; 1/20-ல் அது 120.6 மி.மீ. முன் சக்கரங்களின் இடைவெளி 1524, அதாவது மாடலில் 76.2. பின்னது 1549, மாடலில் 77.5. பாகங்களை ஒட்டாமல் டேப் போட்டு நிறுத்தி, காலிப்பரால் அளந்து பாருங்கள். மாடலில் அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் அசலில் ஒரு சென்டிமீட்டர்.

இந்த வண்டியில் கவனம் முழுக்கப் போக வேண்டிய இடம் எஞ்சினும் மோனோகாக்கும் (ஓட்டுநர் உட்காரும் கூடு போன்ற உடல்) சேரும் மூட்டு. காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் மோனோகாக்கின் பின்சுவரில் நேரடியாகப் போல்ட் போடப்பட்டது. பின் சஸ்பென்ஷனின் சுமை எஞ்சின் வழியாகத்தான் போகிறது, தனிச் சட்டம் கிடையாது. மாடலிலும் அப்படியே. அந்த மூட்டு ஒரு டிகிரி முறுக்கிக்கொண்டால் ஒரு பின் சக்கரம் தரையை விட்டு சுமார் 1.3 மி.மீ. எழும்பிவிடும். அதனால் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, நான்கு சக்கரமும் மாட்டிய நிலையிலேயே அந்த மூட்டை ஒட்டுங்கள். மெதுவாக இறுகும் பசையே நல்லது. சூப்பர் க்ளூ போட்டால் திருத்த நேரம் கிடைக்காது.

இனி பெயின்ட். உடல் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. 600, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் அச்சுக் கோடுகளை எடுத்துவிட்டுச் சாம்பல் பிரைமர், அதன்மேல் பட்டை வரும் இடத்தில் வெள்ளை பிரைமர். மஞ்சளை முதலில் அடிக்க வேண்டும். பட்டையை டீக்கலாக ஒட்டினால் மஞ்சள் மெல்லிய படலம்தான், அடியிலுள்ள பச்சை ஊடுருவித் தெரிந்து அழுக்கு மஞ்சளாகிவிடும். மஞ்சள் ஒரு நாள் காய்ந்ததும் பட்டையின் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் மறுபடி மஞ்சளையே மெல்லியதாக ஒரு தடவை அடியுங்கள். கசிவதானால் மஞ்சள் கசியட்டும். ஓரம் அடைபட்ட பிறகு பச்சை உள்ளே போகாது. பச்சையை மெல்லிய மூன்று கோட்டாக (பூச்சாக), கால் மணி நேர இடைவெளியில் அடித்து, முழுதும் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக மடித்து உரியுங்கள். எந்தப் பச்சை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்: பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன் என்பது ஒரே நிறம் அல்ல, சிறிய மாடலில் எந்தப் பச்சையும் கூடுதல் கருமையாகத் தெரியும். பிளாஸ்டிக் ஸ்பூன்களில் இரண்டு மூன்று பச்சையை அடித்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, கொஞ்சம் வெளிர் பக்கம் இருப்பதை எடுங்கள்.

ஆரஞ்சுத் தோல் வருவது பெயின்ட் துளிகள் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடுவதால். தூரம் அதிகம், பெயின்ட் கெட்டி, இரண்டில் ஒன்று. ஏர்பிரஷ் என்றால் லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட் வகை) ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. அளவில், தூரம் 10 செ.மீ. ஸ்ப்ரே கேன் என்றால் 15 முதல் 20 செ.மீ. கடைசிக் கோட்டு சற்று ஈரமாகவே விழ வேண்டும். அப்படியும் சொரசொரப்பு வந்தால் 2000 நம்பர் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். லாக்கர் ஆவிக்குத் துணி மாஸ்க் போதாது. கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

டீக்கல் தாளை ஒரு ஒளிபுகும் பையில் போட்டு, வெயில்படும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றிரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். பிறகு தேவையில்லாத ஒரு டீக்கலை நீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுவதும் கிளியர் லாக்கர் ஒரு கோட்டு அடித்துக் காயவிடுங்கள். அதன்பின் தாள் முழுதும் ஒரே படலமாகிவிடுவதால் ஒவ்வொரு டீக்கலையும் விளிம்பை ஒட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளி பூப்பது டீக்கலின் குற்றமே அல்ல. மங்கலான, நுண்ணிய மேடுபள்ளமுள்ள பரப்பில் காற்று சிக்கிக்கொள்வதுதான் அது. பளபளப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும் பரப்பில் மட்டும் ஒட்டுங்கள். அடியில் மார்க் செட்டர் (டீக்கலைப் பிடிக்கவைக்கும் திரவம்), தண்ணீரை ஒற்றியெடுத்த பிறகு மேலே மார்க் சாஃப்டர் (டீக்கலை மென்மையாக்கும் திரவம்). சாஃப்டர் பட்டதும் டீக்கல் சுருங்கி அவலமாகத் தெரியும். அந்த நேரத்தில் விரல் வைக்கவே கூடாது. காயும்போது தானாகப் படிந்துவிடும். இரண்டு நாள் கழித்து, ஈரத் துணியால் சுற்றிலும் உள்ள பசைக் கறையைத் துடைத்துவிட்டுக் கிளியர் அடிக்கலாம். முதல் இரண்டு கோட்டு பனி படிந்த அளவுக்குத்தான். எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் லாக்கர் டீக்கலைச் சுருட்டிவிடும். அதன்பின் சாதாரணமாக மூன்று கோட்டு, ஒரு வாரம் காயவிட்டு, பிறகு 3000 நம்பர் உப்புத்தாளிலிருந்து மேலே போய் பாலிஷிங் காம்பவுண்டு. விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லியது, அங்கே தேய்த்தால் பிரைமர் எட்டிப் பார்க்கும். விளிம்பில் மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டு தேய்க்கவும்.

எஞ்சின் திறந்தே தெரியும் வண்டி என்பதால் வயரிங் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் இரண்டு கேம்ஷாஃப்டுக்கு நடுவே நான்கு ஸ்பார்க் பிளக், மொத்தம் எட்டு. அசல் பிளக் வயர் சுமார் 7 மி.மீ. தடிமன், ஆகவே மாடலுக்கு 0.35 மி.மீ. வயர், 0.4 மி.மீ. துளை. கிட்டுகளோடு விற்கும் வயர் செட்டுகளில் பல இதைவிடத் தடிமன், அதைப் போட்டால் எஞ்சின் பொம்மையாகத் தெரியும். ஹோஸ்களுக்குப் பின்னல் வேண்டாம். படத்தில் தெரிவதுபோல மங்கலான கறுப்பு.

சஸ்பென்ஷன் பாகங்கள் குரோம் பூச்சோடு வந்தால் ஒட்டும் இடத்தில் அதைச் சுரண்டி எடுங்கள். பசைக்குப் பிளாஸ்டிக் தேவை. டயர் நடுவில் அச்சுக் கோடு இருந்தால் 400 நம்பர் தாளால் ஒரு சுற்று தேய்த்தால் போதும், ஓடிய டயரின் மங்கலும் வந்துவிடும். விண்ட்ஸ்கிரீனை எல்லாம் முடிந்தபின் வெள்ளை பி.வி.ஏ. பசையால் ஒட்டுங்கள், சூப்பர் க்ளூவின் ஆவி அதைப் பனிமூட்டம் போட்டதுபோல ஆக்கிவிடும், அதைத் துடைத்து எடுப்பது கடினம்.