பீரோ வாசனை அடிக்குற பாரிஸ் சென்ட்

வணக்கம் அக்கா,

கோயம்புத்தூர்ல இருந்து எழுதுறேன். பாரிஸ்ல இருக்குற எங்க பெரியப்பா பையன் போன மாசம் லீவுக்கு வந்தப்போ கெர்லான்ங்கற பிரெஞ்சு கம்பெனியோட மிட்சூகோ ஒரு பாட்டில் குடுத்தான், நூறு வருஷ சென்ட்டுடா, சும்மா நெனச்சுக்காதன்னு வேற சொல்லிட்டுப் போனான். நான் வழக்கமா போடுறது ஆபீஸ்ல பாதி பேர் போடுற அந்த அன்னாசிப்பழ டைப். இத ரெண்டு மணிக்கட்டுலயும் அடிச்சு தேய்ச்சு மோந்து பாத்தேன். முதல்ல எலுமிச்சம்பழம் மாதிரி சுர்ருன்னு ஏறுச்சு, அப்புறம் ஏதோ பழம், அதுக்கப்புறம் ஒரு மாதிரி கசப்பா, ஈரமா, பழைய பொட்டி தொறந்த மாதிரி. என் வொய்ஃப் அந்துருண்டை போட்ட பீரோ வாசனை வருதுங்கன்னுட்டா. சென்ட் கெட்டுப் போச்சா, டூப்ளிகேட்டா, இல்ல எனக்குத்தான் ரசனை இல்லையா? ஷீப்ர்னு ஒரு வகைன்னு அண்ணன் சொன்னான், அப்படின்னா என்ன? உங்க சைட்ல அத்தர் பத்தி எழுதினத படிச்சேன், அதான் உங்க கிட்ட கேக்குறேன்.

ச., கோவை

அன்புள்ள ச,

கெட்டும் போகல, டூப்ளிகேட்டும் இல்லன்னுதான் தோணுது. எலுமிச்சை, பழம், அப்புறம் ஈரமான கசப்புன்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அந்த வரிசைதான் ஷீப்ர். என்ன தேடுறோம்னே தெரியாம மோந்து பாத்துட்டு சரியான வரிசையில எழுதிட்டீங்க, இதுக்கு மேல ரசனைக்கு என்ன சர்ட்டிஃபிகேட் வேணும்.

ஷீப்ர்னா பிரெஞ்சுல சைப்ரஸ் தீவு. கடைசி 'ர'வ பாதி முழுங்கிடணும், சென்ட் கடைப் பசங்க சில பேர் சைப்ரேன்னு சொல்லுவாங்க, விடுங்க. அந்தப் பேர்ல பொடி, வாசனைத் திரவம்லாம் ஐரோப்பாவுல ரொம்ப காலமா இருந்துச்சு, ஆனா 1917ல பிரான்சுவா கோட்டி ஷீப்ர்னே பேர் வெச்சு ஒண்ணு விட்டாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் அது ஒரு குடும்பத்துக்கே பேராச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, முதல் உலகப்போர் முடிஞ்சதும், 1919ல ஜாக் கெர்லான் அதே எலும்புக்கூட்ட எடுத்து மேல ஒரு பீச் பழத்த வெச்சாரு, அதுதான் உங்க பாட்டில். அந்த பீச் நிஜப் பழம் கெடையாது, ஆல்டிஹைட் சி-14ன்னு ஒரு லேப் சரக்கு, பேர்தான் ஆல்டிஹைட், கெமிஸ்ட்ரி படிச்சவங்க கிட்ட கேட்டா அது லாக்டோன்னு சொல்லுவாங்க. நீங்க "ஏதோ பழம்"னு எழுதினது அதத்தான்.

எலும்புக்கூடுன்னு சொன்னேன்ல, அது மூணு சாமான். மேல பெர்கமாட், இத்தாலியில கலாப்ரியா பக்கம் வெளையுற ஒரு புளிப்புப் பழத்தோட தோல் எண்ணெய், நம்மூர் நாரத்தங்கா தோல நகத்தால கீறினா முகத்துல தெறிக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, எர்ல் கிரே டீ குடிச்சிருந்தா உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். நடுவுல பூ கீ எல்லாம் வரும், போகும், அத விடுங்க. கீழ லப்டனம்னு ஒரு பிசின், மத்தியதரைக்கடல் பக்கத்து செடி ஒண்ணு வெயில்ல இலையெல்லாம் பிசுபிசுன்னு வேர்க்கும், மேயப்போன ஆட்டோட தாடியில அது ஒட்டிக்கும், அந்தக் காலத்துல தாடிய சீவி எடுப்பாங்களாம், பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸே ஆட்டுத்தாடி கதைய எழுதி வெச்சிருக்காரு. சாம்பிராணிக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு வாசம் அது.

மூணாவதுதான் உங்க வீட்ல பஞ்சாயத்து பண்ணினது. ஓக்மாஸ். ஓக் மரப்பட்டையில சாம்பல் பச்சையா கொம்பு கொம்பா வளர்றது. பாசின்னு சொல்றோமே தவிர பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே வீட்ல குடித்தனம் பண்ற சமாச்சாரம், ஈர மரம், மை, மழை நின்ன காடு எல்லாம் சேர்ந்த வாசம். இது ஏதோ வெள்ளைக்காரன் வாசனை, நமக்கு ஒத்துக்காதுன்னு நெனைக்காதீங்க, உங்க அடுப்படி அஞ்சறைப்பெட்டி பக்கத்துல இதோட பங்காளி ஒண்ணு உக்காந்திருக்கு, கல்பாசி. ரெண்டும் ஒரே குடும்பம்தான், பார்மீலியேசி.

நம்பலன்னா ஒண்ணு பண்ணுங்க. கல்பாசி ஒரு துண்டு எடுத்து அப்படியே மோந்து பாருங்க, பெருசா ஒண்ணும் இருக்காது, கொஞ்சம் தூசி வாசம், காஞ்ச சருகு. இப்ப ஒரு ஸ்பூன் எண்ணெய காய வெச்சு அதுல போடுங்க. ஓரம் கறுக்க ஆரம்பிக்கும், அடுத்த நிமிஷம் கிச்சனே மாறிடும், செட்டிநாட்டு வீட்டு கல்யாணப் பந்திக்குப் பின்னாடி நிக்குற மாதிரி இருக்கும். அடுப்ப அணைச்சிட்டு உடனே உங்க முழங்கையில அடிச்சு நாலு மணி நேரம் ஆன மிட்சூகோவ மோந்து பாருங்க. அச்சு அசலா ஒண்ணா இருக்காது, ஆனா அடியில அதே ஈரம், அதே கசப்பு இருக்கும். நான் முதல்ல இத கண்டுபிடிச்ச அன்னைக்கு குருமா தீஞ்சு போச்சு, அது தனிக்கதை. கல்பாசிக்கு எண்ணெய் சூடு மாதிரி இந்த சென்ட்டுக்கு உடம்புச் சூடு, டைம் குடுத்தாதான் எழும்பும்.

அதனாலதான் சொல்றேன், மணிக்கட்டுல தேய்ச்சு ரெண்டு நிமிஷத்துல தீர்ப்பு சொல்றது இந்த வகைக்கு ஆகவே ஆகாது. நீங்க போடுற அன்னாசிப்பழ டைப்புல வர்ற நல்லதெல்லாம் முதல் அரைமணியிலயே வந்துடும் (அதோட மூலம் 2010ல வந்த க்ரீட் அவென்டஸ்னு நெனைக்குறேன், அதையும் ஃப்ரூட்டி ஷீப்ர்னு சேக்குறவங்க உண்டு, ஆக நீங்க தெரியாமலே இந்தக் குடும்பத்துல சம்பந்தம் வெச்சிருக்கீங்க). மிட்சூகோவுல முதல் பத்து நிமிஷம் எனக்கே புடிக்காது. முறைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு பீச் தோல் மட்டும், சதை இல்லாம, அந்தப் பூனை முடி மாதிரி மெத்துன்னு தெரியும் பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். மறுநாள் காலையில சட்டைக் கையில மிச்சம் இருக்குறது அதவிட நல்லாயிருக்கும், மீன்குழம்பு கணக்குதான்.

எப்படிப் போடுறதுன்னு கேட்டா, குளிச்சு அரைமணி கழிச்சு, முழங்கை உள்பக்கம் ஒரே ஒரு ஸ்ப்ரே, தேய்க்கக் கூடாது, அன்னைக்கு வேற சோப்பு வாசம், பாடி ஸ்ப்ரே ஒண்ணும் வேணாம். சும்மா சும்மா மூக்க வெச்சு உறிஞ்சாதீங்க, மூக்கு மரத்துப்போய் வாசனையே இல்லன்னு இன்னும் நாலு அடிப்பீங்க. அந்தத் தப்ப நான் பண்ணியிருக்கேன். ஒரு மே மாசம், மதுரையில கல்யாணம், ஏசி இல்லாத மண்டபம், எனக்கு வாசனையே தெரியலன்னு ஆறு ஸ்ப்ரே அடிச்சிட்டுப் போனேன், பந்தியில பக்கத்து இலை அத்தை சாம்பார ஒதுக்கி வெச்சிட்டு "எங்கயோ பெட்டி தொறந்திருக்காங்கடி"ன்னாங்க. உங்க வொய்ஃப் சொன்னதேதான். அவங்கள குறை சொல்ல முடியாது, நம்ம வீடுகள்ல மரப்பெட்டி, பட்டு, ஈரக்காலம் எல்லாம் சேர்ந்த வாசனைக்கு வேற பேர் ஏது? ஆனா அந்துருண்டைங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், அது கெமிக்கலா குத்தும், இது குத்தாது.

அண்ணன் நூறு வருஷ சென்ட்டுன்னாரே, அதுல ஒரு சின்ன திருத்தம் இருக்கு. பேர் நூறு வருஷம், உள்ள இருக்குறது அதே சரக்கு இல்ல. ஓக்மாஸ்ல அட்ரனால், குளோரோஅட்ரனால்னு ரெண்டு இருக்கு, சிலருக்கு தோல்ல அலர்ஜி கெளப்பும், ஐரோப்பிய யூனியன் 2017ல சட்டம் போட்டு, 2019ல இருந்து புது சரக்குலயும் 2021ல இருந்து கடையில இருக்குற எதுலயும் அது இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப போடுறது அத பிரிச்செடுத்த பாசி. ஒரு தோழி வீட்ல அவங்க மாமியார் 80கள்ல வாங்கின பாட்டில்ல கடைசி சொட்டு இருந்துச்சு, ரெண்டு கையில ரெண்டையும் போட்டுப் பாத்தேன். பழசோட மேல்பகுதி வெயில் பட்டு செத்தே போச்சு, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி, ஆனா அடி இருக்கே, கறுப்பு மண்ணு. புதுசுல அந்த ஆழம் குறைச்சல்தான், பட்டணத்துக்கு வந்து பத்து வருஷம் ஆன ஊர்க்காரர் பேச்சு மாதிரி, அந்த இழுவை அங்கங்க மட்டும் வரும். இருந்தாலும் பாசிய தூக்கிட்டு பச்சோலிங்கற இலையோட எண்ணெய கொட்டி மாடர்ன் ஷீப்ர்னு விக்குறாங்களே, அதுகளவிட எனக்கு இது பத்து மடங்கு மேல். பச்சோலிங்கற பேரே தமிழ்லருந்து போனதுன்னு இங்கிலீஷ் டிக்‌ஷனரியே சொல்லுது, அதுக்காக அதுக்கு ஓட்டுப் போட முடியாது.

லக்ஸரி சென்ட்ல நம்ம குடுக்குற காசு பெரும்பாலும் பாட்டிலுக்கும் விளம்பர நடிகைக்கும்தான் போகுதுன்னு நான் எப்பவும் திட்டுவேன், இது ஒண்ணுக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டேன்.

இப்ப கோடையில அத தொடாதீங்க. ஐப்பசி மழை புடிச்சதும், ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு ஸ்ப்ரே, வீட்லயே. லேடீஸ் சென்ட்டாச்சேன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. வொய்ஃப் கிட்ட முன்னாடியே சொல்லாதீங்க, அவங்களா என்ன வாசனைன்னு கேக்குறாங்களான்னு பாருங்க. அப்பவும் பீரோன்னு சொன்னா அண்ணனுக்கே திருப்பிக் குடுத்துடுங்க, அவருக்கு வேணாம்னா என் அட்ரஸ் அனுப்புறேன். அதுவரைக்கும் அட்டைப்பெட்டியோட பீரோவுலயே இருக்கட்டும், பாத்ரூம்ல மட்டும் வெச்சுடாதீங்க.

அன்புடன்,
அக்கா