டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியதும் பிக்-அப் போய்விட்டதா?

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய கார். பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்), கண்டென்சர் இரண்டையும் புதிதாக மாற்றினேன். வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரையே (பிளக்குகளுக்கு முறைப்படி பொறியை அனுப்பும் பாகம்) கழற்றி, அடையாளம் எதுவும் வைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பிக்-அப் இல்லை, மேட்டில் திணறுகிறது, சீக்கிரம் சூடாகிறது. டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று மாறி உட்காரவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தால் கார்பரேட்டரிலும் சைலன்சரிலும் வெடிக்குமே தவிர ஓடாது. இழுவைக் குறைவும் சூடும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் டைமிங் ரிட்டார்ட்மீதுதான். பொறி தாமதமாக விழுவதால், பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். இழுவையாக மாற வேண்டிய வெப்பம் கூலிங் தண்ணீருக்கும் புகைக்கும் போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன் பாயின்ட் கேப்பை, அதாவது அது திறந்து நிற்கும்போது உள்ள இடைவெளியைப் பாருங்கள். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் பாயின்ட்டைத் தொட்டால், வைத்த டைமிங் போச்சு. கேப் கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைந்தால் ரிட்டார்ட். நீங்கள் பாயின்ட்டை மாற்றியிருப்பதால் பாதிக் கோளாறு இதிலேயே இருக்கலாம். பாயின்ட்டின் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் ஷாஃப்ட் கேமின் முனையில் நிற்கும்படி எஞ்சினைச் சுற்றி, ஃபீலர் கேஜால் அளக்கவும். நான்கு சிலிண்டர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு வழக்கமான அளவு 0.35 முதல் 0.40 மி.மீ. மற்றவற்றுக்கு மேனுவலில் உள்ள அளவுதான். கேமின் நான்கு முனைகளிலும் கேப் மாறி மாறி வந்தாலோ, ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடினாலோ அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை எந்த டைமிங்கும் நிலைக்காது.

இனி டைமிங். கியரை நியூட்ரலில் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். முதல் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடி, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றவும். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். புல்லியில் உள்ள குறி, மேனுவல் சொல்லும் ஸ்டாட்டிக் டிகிரிக்கு (எஞ்சின் ஓடாதபோது டைமிங் வைக்கும் அளவு) வரும்போது நிறுத்துங்கள். டைமிங் லைட்டுக்கான எண் வேறாக இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். இல்லாவிட்டால் செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். இப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார், அதன் மூடியில் முதல் சிலிண்டர் வயர் வரும் இடத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் டெர்மினலிலும், மறுமுனையை எர்த்திலும் கொடுத்து இக்னிஷனைப் போடுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையில் லேம்ப் அணையும்வரை திருப்பவும். பிறகு எதிர்த்திசையில் மெதுவாக. லேம்ப் எரியும் அந்தக் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். அங்கேயே கிளாம்ப்பை இறுக்குங்கள். எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, லேம்ப் அதே குறியில் எரிகிறதா என்று மறுபடி பார்த்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் இக்னிஷனை வெகுநேரம் போட்டு வைத்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

திருப்பத் திருப்ப இடம் போதாமல், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வேக்யூம் யூனிட் எதிலாவது முட்டினால், கியர் ஒரு பல் மாறி உட்கார்ந்திருக்கிறது. கழற்றித்தான் மாட்ட வேண்டும். அடியில் மையம் தள்ளிய நாக்கு உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால், அது ஒரே விதமாகத்தான் உட்காரும் என்பதால் மாட்டும்போது பல் மாறாது.

ஐடிலில் காதால் கேட்டு டைமிங் வைப்பதை நான் நம்புவதில்லை. அட்வான்ஸ் செய்யச் செய்ய ஐடில் ஏறும், எஞ்சின் இனிமையாக ஓடுவதுபோலவே இருக்கும். லோடு ஏறும்போதுதான் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) தெரியும். அது தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ஆகவே, மேட்டில் டாப் கியரில் ஓட்டிப் பாருங்கள். கிணுகிணுவென்று சத்தம் வந்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தாலோ ஓரிரு டிகிரி ரிட்டார்ட் செய்யவும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகத்தில் இழுவை இல்லையென்றால் ஒரு டைமிங் லைட்டை இரவல் வாங்குங்கள். வேக்யூம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், குறி சீராக அட்வான்ஸ் பக்கம் நகர வேண்டும். நகராமல் நின்றால், வேகம் ஏறும்போது டைமிங்கை அட்வான்ஸ் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். குழாயை வாயால் உறிஞ்சினால் பாயின்ட் தட்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் வேக்யூம் யூனிட்டின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், தட்டும் இறுகியிருக்கலாம்.

புதிய பாயின்ட்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும். கேப் குறைந்து டைமிங் மறுபடி ரிட்டார்ட் பக்கம் நழுவும். கேமில் துளி கிரீஸ் தடவி, 500 கிலோமீட்டர் ஓடியதும் கேப், டைமிங் இரண்டையும் அதே வரிசையில் மறுபடி பாருங்கள்.