கேள்வி – பதில்: ‘இட்ஸ் ஓகே’ன்னா பாராட்டா?

கேள்வி: போர்க்களத்தில் ‘இன்று யாரும் சாகவில்லை’ என்பதை ‘ஜீரோ கில்டு’ என்று பலகையில் எழுதினார்களாம், அதுதான் ‘ஓகே’ ஆனதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. இன்னொருவர் ‘அப்ஜெக்‌ஷன் கில்டு’ என்கிறார். எது உண்மை? – ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ரெண்டுமே இல்லை. செத்தது ஸ்பெல்லிங் மட்டும்தான். 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துக்கொண்டது: ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சில் போடுவது. ‘ஆல் ரைட்’டில் ஏ-வுக்கு ஓ போட்டு, ரைட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூ ஒட்டி, அப்படித்தான் அது ஓ.டபிள்யூ. ஆனது. ‘ஆல் கரெக்ட்’டில் ஏ-வுக்கு ஓ, சி-க்கு கே போட்டு ஓ.கே. ஆக்கினார்கள். 1839 மார்ச் 23 ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில், மணியடிப்பை எதிர்க்கும் சங்கம் என்று ஒன்றைப் பற்றிய கிண்டல் துணுக்கில் இது வந்தது.

மற்ற சுருக்கமெல்லாம் சீக்கிரமே செத்துப்போக, இது மட்டும் பிழைத்ததற்குக் காரணம் தேர்தல். 1840-இல் மீண்டும் நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரனுக்கு, பிறந்த ஊர் கிண்டர்ஹுக் என்பதால் ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று பட்டப்பெயர், ஆதரவாளர்கள் ‘ஓகே கிளப்’ தொடங்கிவிட்டார்கள். எதிரணி சும்மா இருக்குமா, முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ‘ஆல் கரெக்ட்’ எழுதத் தெரியாமல் வந்ததுதான் ஓகே என்று கதை கட்டியது. வான் பியூரன் தோற்றார், சொல் ஜெயித்தது. இதையெல்லாம் பழைய பத்திரிகைகளைத் துருவி 1963, 64-இல் கட்டுரைகளாக எழுதி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அதற்குப் பிறகும் ஜீரோ கில்டு ஃபார்வர்டு ஆகிக்கொண்டேதான் இருக்கிறது, என்ன செய்ய.

கேள்வி: நாங்கள் ராப்பகலாக உழைத்து அனுப்பிய டிசைனைப் பார்த்து அமெரிக்க கிளையன்ட் ‘இட்ஸ் ஓகே’ என்றார். டீமே ட்ரீட் வைத்துக் கொண்டாடியது. அப்புறம் பார்த்தால் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஓகே என்றால் நல்லா இருக்கு என்றுதானே அர்த்தம்? – ஒரு வாசகி, சென்னை

பதில்: நம் சினிமா விமர்சனத்தில் ‘பாட்டெல்லாம் ஓகே ரகம்’ என்று எழுதினால் இசையமைப்பாளர் சந்தோஷப்படுவாரா? அதேதான். ஒரு பொருளைப் பற்றி ‘இட்ஸ் ஓகே’ என்றால் சுமார், ஒப்பேறும். பிடித்திருந்தால் ‘கிரேட்’ என்று சொல்லியிருப்பார். அமெரிக்கர்கள் அந்தச் சொல்லுக்குக் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆனால் அதே ‘இட்ஸ் ஓகே’, நீங்கள் சாரி சொன்ன பிறகு வந்தால் ‘பரவாயில்லை விடுங்க’. ‘கேன் வீ மீட் அட் ஃபோர்?’ என்று கேட்டதற்கு வெறும் ‘ஓகே’ வந்தால் சம்மதம், அவ்வளவுதான், அதில் உற்சாகமும் இல்லை, கோபமும் இல்லை. தடுக்கி விழுந்தவரிடம் ‘ஆர் யூ ஓகே?’ என்றால் ‘அடி கிடி படலையே?’

நம்மாட்கள் அதிகம் மாட்டுவது ‘ஐ’ம் ஓகே’யில். காபி வேணுமா என்று கேட்கிறீர்கள், வந்தவர் சிரித்துக்கொண்டே ‘ஐ’ம் ஓகே’ என்கிறார், நீங்கள் டம்ளரை நிரப்பிவிடுகிறீர்கள். அவர் சொன்னது வேண்டாம் என்று!

நம் ‘சரி’ இதில் பாதி வேலையைச் செய்கிறது, ‘சரி, ஆரம்பிக்கலாமா’ உட்பட. ஆனால் பரீட்சையில் கணக்கு சரியாக வந்தால் அது ‘ரைட்’ அல்லது ‘கரெக்ட்’. அங்கே ஓகே போட்டால் ஏதோ தேறும் என்கிற மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மேனேஜருக்கு மெசேஜில் ‘கே’ என்று ஒற்றை எழுத்து போடலாமா? இரண்டெழுத்தா, நாலெழுத்து ‘ஓகே’யா, எது சரியான ஸ்பெல்லிங்? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஒற்றை ‘கே’ நண்பர்களோடு சரி. மேனேஜர் படித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மாதிரி இருக்கும். ஸ்பெல்லிங் ரெண்டுமே செல்லும், ஒரே மெயிலில் ரெண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கொஞ்சம் முறையாகப் பதில் எழுதும்போது ரெண்டும் வேண்டாம், ‘நோட்டட், தேங்க்ஸ்’ போதும். மேனேஜர் லீவை ‘ஓகே பண்ணிட்டார்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்திலும் அப்படியே உண்டு, ‘ஹீ ஓகேய்ட் மை லீவ்’. ‘ஓகே டன்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.