புதுமைப் பெண் திட்டத்தை நம்பி உட்கார வேண்டாம்

அக்கா, பிளஸ் டூ முடித்துப் பதினாறு வருடம் கழித்து, தையல் வேலையையும் விடாமல் பி.ஏ. படிக்க உதவித்தொகை உண்டா என்று நெல்லிக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சொல்கிற புதுமைப் பெண் திட்டம், அதாவது கல்லூரி மாணவிகளுக்கு தமிழ்நாடு அரசு மாதாமாதம் தருகிற 1000 ரூபாய், தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது. வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்க உங்களுக்கு இக்னோதான் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தோது. வயது வரம்பே இல்லை. எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி என்றால் அங்கே சில பட்டப்படிப்புகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே, விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடுங்கள், கடைசி நேரத்தில் அலைய முடியாது. அப்புறம், பாண்டிச்சேரி பக்கம்தானே என்று அந்த அரசின் உதவித்தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு அங்கே குடியிருப்புச் சான்று கேட்பார்கள்.